புதுப்பிப்பு: மின்னசோட்டா பூங்காச் சவால், ஐட்டாஸ்காவும் முடிந்தது

இலையுதிர் காலம் முடிவதற்குள் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஆறு பூங்காக்களைப் பார்த்து, பூங்காக்களுக்கான பாஸ்போர்ட் புத்தகத்தில் முத்திரை வாங்குவேன் என்று ஜூனில் எழுதியிருந்தேன். ஐட்டாஸ்கா பூங்காவோடு ஐந்து முடிந்துவிட்டன. "ஐட்டாஸ்காவில் ஏரியைத் தவிர என்ன இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். போன வாரம் அங்கேதான் இருந்தேன்.

2,300 மைலுக்கு மேல் ஓடும் மிசிசிப்பி ஆறு அந்த ஏரியில்தான் பிறக்கிறது. கற்களில் கால் வைத்தே ஆற்றைக் கடந்துவிட்டேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. 1832இல் ஸ்கூல்கிராஃப்ட் என்ற ஆய்வுப் பயணியை இங்கே அழைத்து வந்தவர் ஓசாவின்டிப் என்ற ஓஜிப்வே பழங்குடி வழிகாட்டி. ஆனால் ஆறு பிறக்கும் இடத்தைக் 'கண்டுபிடித்தவர்' என்ற பெயர் ஸ்கூல்கிராஃப்டுக்கே போனது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பூங்கா உருவானது 1891இல். அப்புறமும் மரம் வெட்டுவது நிற்கவில்லை. 1903இல் மேரி கிப்ஸ் என்ற 24 வயதுப் பெண் பூங்காவின் பொறுப்பாளரானார். மரக்கம்பெனியின் அணையால் தண்ணீர் ஏறி கரையோர மரங்கள் மூழ்கியபோது, மிரட்டலுக்குப் பயப்படாமல் மதகைத் திறக்கச் சொல்லி எதிர்த்து நின்றார். அங்குள்ள பழைய பைன் மரங்களுக்கு அடியில் நின்றபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சரி, மிச்சம் இருப்பது ஒரு பூங்கா. ஏரிக்கரையோரமாக எது நல்லது, சொல்லுங்கள்.