தண்ணீரும் எடையும்: ஜெர்மனியில் முதல் மோட்டார்ஹோம் பயணம் பற்றிச் சிலரின் அனுபவங்கள்

மியூனிக்கிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்ட் மாதக் கடைசியில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் மோட்டார்ஹோம் (உள்ளேயே படுத்துச் சமைக்கும் வசதியுள்ள வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து இரண்டு வாரம் ஜெர்மனியைச் சுற்றிவரலாம் என்று இருக்கிறோம். ரொமான்டிக் சாலை, ரைன் பள்ளத்தாக்கு, கருங்காடு, பெர்லின் ஆகிய நான்கும் இப்போதைக்குப் பட்டியலில் உள்ளன. கார் ஓட்டிய பழக்கம் உண்டு. இவ்வளவு பெரிய வண்டியைத் தொட்டதில்லை. பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றிய தகவல் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. வண்டியோடு வாழ்வது எப்படி இருந்தது, வழியில் சந்தித்தவர்கள் என்ன சொன்னார்கள், திட்டமிடும்போதே எவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதைப் போய்வந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து:

முதல் வேலையாகப் பெர்லினைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மியூனிக்கிலிருந்து அது ஏறத்தாழ 585 கிலோமீட்டர். காரில் ஆறு மணி நேரத்தில் முடிகிற தூரத்துக்கு மோட்டார்ஹோமில் ஒரு முழு நாள் போய்விடும், திரும்பி வர இன்னொரு நாள். போதாததற்குப் பெர்லினின் நடுப்பகுதி புகை குறைந்த வண்டிகளை மட்டும் அனுமதிக்கும் சுற்றுச்சூழல் மண்டலம் என்பதால், முகப்புக் கண்ணாடியில் பச்சை ஒட்டுவில்லை இல்லாமல் உள்ளே நுழைந்தால் 100 யூரோ அபராதம். ரயிலில் போகத் தோதான ஊருக்கு வீட்டை இழுத்துக்கொண்டு போவானேன்?

எங்கள் பயணத்தின் போக்கை மாற்றியவர், வாடகை நிறுவனத்தில் வண்டியை எங்களிடம் ஒப்படைத்த பெண்மணி. கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி எதையும் காட்டுவதற்கு முன்பு அவர் பதிவுச் சான்றிதழை எடுத்து, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோ என்ற வரியில் விரல் வைத்தார். இங்கே சாதாரணக் கார் உரிமமான பி வகுப்பில் ஓட்டக்கூடிய எல்லை அதுதான். 1999ஆம் ஆண்டுக்கு முன்பு ஜெர்மன் உரிமம் பெற்றவர்களுக்கு 7.5 டன் வரை அனுமதி உண்டு என்பதால், சாலையில் காணும் பிரம்மாண்டமான வண்டிகளைப் பெரும்பாலும் முதியவர்களே ஓட்டுகிறார்கள். நமக்குக் கிடைக்கும் வண்டி தன்னளவிலேயே மூன்று டன்னை நெருங்கிவிடுகிறது. மீதமிருக்கும் சில நூறு கிலோவுக்குள்தான் மனைவி, பிள்ளைகள், துணிமணி, மிதிவண்டிகள், மளிகை, தண்ணீர் எல்லாம் அடங்க வேண்டும். தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தால் அதுவே சுமார் நூறு கிலோ. அதனால் ஓடும்போது கால் தொட்டித் தண்ணீர் போதும், தங்கும் இடத்தை அடைந்த பிறகு நிரப்பிக்கொள்ளுங்கள் என்றார். (பத்துக் கிலோ அரிசி மூட்டையும் ஈரமாவு அரைக்கும் கிரைண்டரும் ஏற்றியே தீருவேன் என்று நிற்கும் உறவினர்கள் நம் எல்லோருக்கும் உண்டு, அவர்களிடம் அந்தச் சான்றிதழை நீட்டிவிடலாம்.) ஆஸ்திரியா பக்கம் எட்டிப்பார்க்கும் எண்ணம் இருந்தால் எடையில் இன்னும் கவனம் தேவை. ஜெர்மனியில் மோட்டார்ஹோமுக்குச் சுங்கக் கட்டணம் இல்லை, அங்கே உண்டு; 3.5 டன் வரை குறிப்பிட்ட காலத்துக்கான சுங்க ஒட்டுவில்லை, அதற்கு மேல் ஓடிய கிலோமீட்டர் கணக்கு.

இந்திய உரிமம் மட்டும் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் குடியேறிய ஆறு மாதத்துக்குப் பிறகு அது இங்கே செல்லாது. எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் எழுதி ஜெர்மன் உரிமம் வாங்கிய பிறகே வாடகை பற்றிப் பேச முடியும்.

அடுத்தது தண்ணீர். கழிவறையின் பெட்டி இருபது லிட்டருக்குள்தான் கொள்ளும். நான்கு பேர் இருந்தால் இரண்டு நாளில் நிறைந்துவிடும். நல்ல தண்ணீரும் ஏறக்குறைய அதே வேகத்தில் தீரும். ஆகவே நாங்கள் வரைபடத்தில் கோட்டைகளையும் தேவாலயங்களையும் குறிப்பதற்கு முன்பு, தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் வசதியுள்ள ஷ்டெல்பிளாட்ஸ்களைக் குறித்தோம். ஷ்டெல்பிளாட்ஸ் என்பது மோட்டார்ஹோம்களுக்கென்று ஊராட்சியோ தனியாரோ ஒதுக்கிய நிறுத்துமிடம். குளியலறை, விளையாட்டுத் திடல் போன்றவை அங்கே பெரும்பாலும் இரா; அவற்றை எதிர்பார்ப்பவர்கள் முகாம் மைதானத்துக்குப் போக வேண்டும். ஆனால் ஷ்டெல்பிளாட்ஸ்கள் மலிவு, பல இடங்களில் பழைய நகரத்துக்கு நடந்தே போய்விடலாம். பெரும்பாலானவற்றில் முன்பதிவு கிடையாது.

நோர்ட்லிங்கனில் மதிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தபோது பக்கத்து வண்டியில் ஓய்வுபெற்ற தம்பதியர் இருந்தனர். எங்கள் வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்ததைக் கண்ட பெரியவர் ஒரு சொல்லும் பேசாமல் தம்முடைய இரண்டு பிளாஸ்டிக் ஆப்புகளைக் கொண்டுவந்து தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் வைத்து, என்னை அரை அடி முன்னால் நகர்த்தச் சொன்னார். வண்டி மட்டமாக நின்ற பிறகுதான் பெயரைக் கேட்டார். நாளொன்றுக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவன் விடுமுறையில் இல்லை, சரக்கு ஏற்றிப் போகிறான் என்பது அவருடைய கட்சி. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. வியூர்ட்ஸ்புர்க்கிலிருந்து ஃபியூசன் வரையுள்ள ரொமான்டிக் சாலையின் மொத்த நீளம் ஏறத்தாழ 460 கிலோமீட்டர்தான் என்றாலும் ஒரு வாரத்துக்கு அது தாங்கும். அந்த வழியில் ரோட்டன்புர்க்கில் கூட்டம் அதிகம். பிள்ளைகளுக்கு நோர்ட்லிங்கனே பிடிக்கும். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு விண்கல் விழுந்து உண்டான பெரும்பள்ளத்துக்குள் அமைந்த ஊர் அது. மதிலின் மேலேயே ஊரை முழுவதுமாகச் சுற்றி நடக்கலாம்.

ஓட்டுவதில் ஒரே ஒரு எச்சரிக்கை: நெடுஞ்சாலையில் பணி நடக்கும் இடங்களில் இடது தடத்துக்கு அகல வரம்பு போட்டிருப்பார்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள அகலத்தில் பக்கக் கண்ணாடிகள் சேர்வதில்லை, வரம்பிலோ சேரும். மோட்டார்ஹோம் ஓட்டுபவருக்கு அங்கே வலது தடம்தான், முன்னால் போகும் லாரி எவ்வளவு மெதுவாகப் போனாலும்.

டோர்ட்முண்டிலிருந்து:

தம்பி, ரைன் பள்ளத்தாக்கை விட மாட்டீர்கள் என்று தெரியும்; பகலில் பாருங்கள், இரவில் வேறிடத்தில் படுங்கள் என்பதே என் ஆலோசனை. பிங்கனுக்கும் கோப்ளென்ஸுக்கும் இடையில் ஆற்றின் இரு கரையிலும் தண்டவாளம் ஓடுகிறது, வலது கரையில் விடிய விடியச் சரக்கு ரயில் போகும். ஆற்றோரத் தரிப்பிடம் பார்ப்பதற்கு அழகாக இருக்கும், ஆனால் தூக்கம் வராது. இந்த இடைவெளியில் பாலமும் கிடையாது. அக்கரை போக வேண்டுமென்றால் சங்க்ட் கோவார் போன்ற ஊர்களில் படகில் வாகனத்தை ஏற்ற வேண்டும். கோப்ளென்ஸில் திரும்பி மோசல் ஆற்றங்கரைக்குப் போனால், கொக்கெம், திராபென்-திரார்பாக், பெர்ன்காஸ்டல்-குயூஸ் என்று ஊருக்கு ஊர் தரிப்பிடங்கள் உண்டு, ரயிலின் தொல்லையும் குறைவு.

அங்கே திராட்சைத் தோட்டக்காரர்கள் பலர் தங்கள் முற்றத்திலேயே சில வாகனங்களுக்கு இடம் விடுகிறார்கள். நாங்கள் தங்கிய வீட்டில் பின்னேரம் ஒரு மூதாட்டி கொப்பியும் பென்சிலுமாக வந்து காசு வாங்கினார். நாங்கள் எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றதும், எண்பதுகளில் தங்கள் தோட்டத்தில் திராட்சை பறிக்க வந்த ஒரு தமிழ்ப் பொடியனைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, இருட்டும் வரை கதைத்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் காலையில் சுடச்சுடப் பாண் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். மதுவருந்தாத குடும்பமென்றால் திராட்சைச் சாறு வாங்கலாம். ஒன்றும் வாங்காமல் புறப்படுவது அவ்வளவு நன்றாக இராது. ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: செப்டம்பர் முதல் வார இறுதியில் பெர்ன்காஸ்டல்-குயூஸில் வைன் விழா. உங்கள் திகதிகள் அதோடு முட்டினால் அந்தப் பகுதியில் இடம் தேடுவது வீண்வேலை.

சில்லறைக் காசு சேர்த்து வையுங்கள். தண்ணீர்க் குழாயும் மின்சாரப் பெட்டியும் பல இடங்களில் 50 சதமும் 1 யூரோவும் மட்டுமே விழுங்கும். அட்டை காட்டினால் அவை அசையா. கடைகள் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துச் சனிக்கிழமையே சாமான் வாங்க வேண்டும் என்பதை மியூனிக்கில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கேஸ் சிலிண்டரின் வால்வை ஓடத் தொடங்கும் முன்பு மூடுங்கள், படகில் ஏற்றும்போது கட்டாயம்.

உங்கள் வழியில் இல்லாவிட்டாலும் ஒன்று சொல்லி வைக்கிறேன். பிறிதொரு தடவை வடக்கே வந்தால் ஏ2 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், ஹம்-ஊன்ட்ரொப்பில், காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002ஆம் ஆண்டு குடமுழுக்கு நடந்த இக்கோயிலின் கோபுரம் தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்கு நடுவே எழுந்து நிற்கும். கோடைத் திருவிழாவில் தேரோட்டத்தன்று மட்டும் பெரிய வாகனத்தோடு போகாதீர்கள்.

ஹம்புர்க்கிலிருந்து:

வழியோரத்தில் எங்கும் இரவு தங்கலாமா என்று பலரும் கேட்பதால், எங்களுக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். ஒரு சிற்றூரின் பொது நிறுத்துமிடத்தில் இரவு தாமதமாக நிறுத்திப் படுத்திருந்தோம். விடியற்காலையில் கண்ணாடியில் தட்டல், இரண்டு காவலர்கள். ஓட்டும் நிலையில் இல்லாத அளவு களைப்பு, அதனால் நிறுத்தினோம் என்று என் கணவர் சொன்னார். இளையவர் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, நாற்காலிகள் வெளியே இருக்கின்றனவா, வெயில்மறைப்பு விரிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். எதுவும் வெளியே இல்லை என்பதால், நல்ல பயணம் என்று வாழ்த்திவிட்டுச் சென்றனர். நிறுத்துவதற்குத் தடையில்லாத இடத்தில், ஓட்டும் தெம்பை மீட்டுக்கொள்ள ஓர் இரவு வண்டிக்குள் தூங்குவதைச் சட்டம் ஏற்கிறது. மேசை நாற்காலி போட்டுச் சமைத்து உட்கார்ந்தால் அது முகாமடிப்பு, அதற்கு அனுமதி வேண்டும். இதை அவசரத்துக்கான வழியாக வைத்துக்கொள்ளுங்கள், திட்டமாக வைக்காதீர்கள். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இரவு கழிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. திருட்டு பயம் உண்டு, லாரிகளின் குளிரூட்டி இயந்திரங்கள் இரவெல்லாம் உறுமும்.

முகாம் மைதானங்களில் பெரும்பாலும் மதியம் ஒன்று முதல் மூன்று வரை அமைதி நேரம். அப்போது தடுப்புக்கட்டை திறக்காது. பசித்த பிள்ளைகளோடு வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருக்கும் நிலை வரும். பன்னிரண்டுக்குள் போய்ச் சேரும்படியோ மூன்றுக்குப் பிறகு சேரும்படியோ காலையிலேயே கணக்குப் போட்டுப் புறப்படுங்கள்.

நீங்கள் சொன்ன நாட்களில் பவேரியாவிலும் பாடன்-வியூர்ட்டம்பெர்க்கிலும் பள்ளி விடுமுறை செப்டம்பர் நடுப்பகுதி வரை நீடிக்கும். ஆகவே போடன் ஏரிக்கரை, ஃபியூசன் சுற்றுவட்டாரம் இரண்டிலும் முகாம் மைதானத்தை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். மற்ற இடங்களைத் திறந்தே வைக்கலாம். பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்தால் ஷ்டெல்பிளாட்ஸில் இடம் கிடைப்பதே வழக்கம். முதல் இரவை மட்டும் வாடகை நிறுவனத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவில் வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் ஏற்றி எப்படி, கேஸ் எங்கே, கட்டிலை இறக்குவது எப்படி என்று ஏதாவது ஒன்று அன்று மாலை புரியாமல் போகும். நேரில் போய்க் கேட்டுவிட்டு வரலாம்.