சுவிட்ச் ஆஃப் பண்ணாலும் பல்பு லேசா எரியுது

கடலூர் ஓ.டி.ல (பழைய டவுன்) தாத்தா கட்டுன வீடு, மரப்பெட்டி சுவிட்ச் போர்டு. குண்டு பல்பு இருந்தவரைக்கும் ஒண்ணும் தெரியல, எல்இடி மாட்டுனதுலேர்ந்து ஆஃப் பண்ணாலும் மினுக்குன்னு எரிஞ்சிக்கிட்டே இருக்கு, அம்மா பேய்ங்கிறாங்க. பல்பு கோளாறா?

பதில் 1:
பல்பு மேல தப்பில்ல ப்ரோ. பேஸ் (கரண்ட் வர்ற வயர்) நேரா ஹோல்டருக்குப் போயிருக்கும், சுவிட்ச் நியூட்ரலத்தான் (கரண்ட் திரும்பிப் போற வயர்) கட் பண்ணுது, பழைய வீட்ல இது சகஜம். அதான் ஆஃப்லயும் லேசா கசியற கரண்ட்லயே எல்இடி மினுக்குது, குண்டு பல்புக்கு அது பத்தாது. பல்ப கழட்டிட்டு ஆஃப்ல வச்சு ஹோல்டர் பின் ரெண்டுலயும் டெஸ்டர் வைங்க, ஒண்ணுல பளிச்சுன்னு எரிஞ்சா அதேதான். ஆஃப்தானேன்னு கை வச்சுடாதீங்க, 230 வோல்ட்!

பதில் 2:
மழைக்கு மட்டும் எரியுதுன்னா சுவர் ஈரமும் பாருங்க. பாண்டில எங்க வீட்ல உப்புக்காத்துல டெர்மினல் பச்சையா பூத்துப் போச்சு.

கேட்டவர்:
டெஸ்டர் எரியுது ப்ரோ. மெயின ஆஃப் பண்ணிட்டேன், நாளைக்கு எலக்ட்ரீசியன் வர்றார். அம்மா இன்னும் நம்பல.