உதவி: பழைய பிலிப்ஸ் ரேடியோ, 4 வயர், பிளக் இல்லை. எதைக் கரண்டில் கொடுப்பது?

மஸ்கெலியா_மழை:
எல்லோருக்கும் வணக்கம். தாத்தாவின் பழைய வால்வு ரேடியோ எங்கள் வீட்டில் இருக்கிறது. பிலிப்ஸ். பின்பக்கத்திலிருந்து 4 வயர் வெளியே வருகிறது. முனையை யாரோ வெட்டியிருக்கிறார்கள், பிளக் இல்லை. எந்த இரண்டு வயரை பிளக்கில் போட வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை தாத்தா வருகிறார். அதற்குள் பாட வைக்க வேண்டும். அவசரம், ப்ளீஸ்.

ஹட்டன்_வானொலி:
மாடல் இலக்கம் என்ன? எத்தனை வால்வு? உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா? ஒரு படமாவது போடுங்கள்.

பனிமூட்டம்:
மஸ்கெலியா என்றாலே எனக்குத் தெரிந்துவிட்டது. ஈரம்தான் பிரச்சினை. நம் பக்கத்து ரேடியோக்கள் எல்லாம் பனியில்தான் சாகின்றன. மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சர் ஈரத்தைக் குடித்துக் கரண்டைக் கசியவிட ஆரம்பிக்கும், ஸ்பீக்கர் கூம்பு உப்பிவிடும், நிலையம் மாற்றும் கேங் கண்டன்சரின் தகடுகளில் அரிப்பு ஏறும். முதலில் பெட்டியைத் திறந்து நன்றாகக் காய வையுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம், மெழுகு உருகும்.

மின்வேலை_கொட்டகலை:
தங்கச்சி, சுலபமான வேலை. 4 வயரில் இரண்டு கரண்டுக்கு, மற்ற இரண்டு ஏரியலும் எர்த்தும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். எந்த ஜோடி ரெசிஸ்டன்ஸ் காட்டுகிறதோ அதுதான் கரண்ட் ஜோடி. நேராகக் கொடுக்காமல் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டுக் கொடுங்கள். ஷோர்ட் இருந்தால் பல்பு எரியும், ரேடியோ தப்பும்.

வால்வு_வாத்தியார்:
இதே கேள்வி இங்கே எத்தனை தடவை வந்துவிட்டது. மன்றத்தின் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. மாடல் இல்லை, வால்வு இலக்கம் இல்லை, படம் இல்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பாட வேண்டும். நான் எப்போதும் சொல்வதையே சொல்கிறேன்: மெழுகுக் கண்டன்சர் எல்லாவற்றையும் மாற்றாமல் எந்தச் செட்டுக்கும் கரண்ட் கொடுக்கக் கூடாது. சாலிடரிங் தெரியாதவர் பெட்டியைத் துடைத்து அலமாரியில் வைக்கட்டும்.

பண்டாரவளை_அக்கா:
மஸ்கெலியா தங்கச்சி, இதைப் படித்தால் உடனே பதில் போடுங்கள். எந்த வயரையும் பிளக்கில் போட வேண்டாம். பல்பு போட்டும் வேண்டாம்.

கரண்டில் ஓடும் செட்டுக்கு இரண்டு வயர், எர்த்தோடு மூன்று வயர் போதும். ஏரியலுக்குப் பின்பக்கம் தனித் துளை இருக்கும். நான்கு வயர் ஒன்றாக வெளியே வந்தால், அது டிரை பேட்டரியில் ஓடும் செட்டாக இருக்கலாம். இரண்டு வயர் 90 வோல்ட் பேட்டரிக்கு, இரண்டு 1.5 வோல்ட்டுக்கு.

வால்வு கண்ணாடியில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். ஐரோப்பிய வால்வில் முதல் எழுத்தே ஹீட்டரை, அதாவது உள்ளே சூடாகும் இழையை, சொல்லிவிடும். ‘டி’ என்றால் 1.4 வோல்ட், பேட்டரி வால்வு. ‘ஈ’ என்றால் 6.3 வோல்ட், பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் செட். ‘யூ’ என்றால் 100 மில்லி ஆம்பியரில் ஹீட்டர்களைத் தொடராக இணைத்த செட். அதில் சேசிஸுக்கே, உள்ளே இருக்கும் தகரத் தட்டுக்கே, கரண்ட் வரும், தொட்டால் ஆபத்து. பிலிப்ஸ் மாடல் இலக்கத்தின் கடைசி எழுத்தையும் பாருங்கள்: ‘ஏ’ ஏசி, ‘யூ’ ஏசி டிசி இரண்டும், ‘பி’ பேட்டரி.

மின்வேலை_கொட்டகலை:
அக்கா, பல்பு தொடரில் இருக்கும்போது என்ன ஆகிவிடப்போகிறது?

பண்டாரவளை_அக்கா:
தம்பி, 230 வோல்ட்டில் 60 வாட் பல்பு 260 மில்லி ஆம்பியர் விடும். டி வரிசை வால்வின் இழை பெரும்பாலும் 25, 50 மில்லி ஆம்பியருக்குச் செய்தது, தலைமுடியை விட மெல்லியது. ஓம்ஸில் ரெசிஸ்டன்ஸ் காட்டும் ஜோடியை எடுக்கச் சொன்னீர்கள். பேட்டரி செட்டில் அந்த ஜோடி வால்வு இழைகளேதான். பல்பு மங்கலாகக்கூட எரியாது, வால்வு எல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.

மின்வேலை_கொட்டகலை:
நான் சொன்னது கரண்டில் ஓடும் செட்டுக்கு. அதற்கு அது சரியான முறைதான்.

தலவாக்கலை_பேரன்:
பேட்டரி வால்வு செட் நம் தேயிலைத் தோட்டத்தில் ஏது? வால்வு ரேடியோ துரை பங்களாவிலும் கணக்கப்பிள்ளை வீட்டிலும்தான் இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு ரேடியோ வந்ததே டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான்.

பண்டாரவளை_அக்கா:
பங்களாவில் கரண்ட் இருந்தது. அவர்களுக்கு 90 வோல்ட் பேட்டரி எதற்கு? கரண்ட் இல்லாத வீட்டுக்கென்றே செய்தது அந்தச் செட். எங்கள் லயத்தில் ஒரு கங்காணி வைத்திருந்ததாக அம்மா சொல்வார். சாயங்காலம் இலங்கை வானொலித் தமிழ்ச் சேவை கேட்க நாலு காம்பராச் சனமும் அவர் வாசலில்தான் உட்கார்ந்திருக்குமாம்.

தலவாக்கலை_பேரன்:
ஒரு கங்காணி வைத்திருந்தார் என்பதை வைத்து லயத்தில் இருந்தது என்று எப்படிச் சொல்வது? பேட்டரி விலைக்கு ஒரு தொழிலாளி என்ன செய்வார்? ரேடியோவுக்கு லைசென்ஸ் வேறு கட்ட வேண்டியிருந்தது.

பழையபெட்டி:
இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டக் குடும்பங்கள், தூக்கிக்கொண்டு போக முடியாததை எல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுத்தான் தலைமன்னாரில் கப்பல் ஏறின. தையல் மெஷின், ரேடியோ, அம்மி எல்லாம். நான் சேர்த்து வைத்திருக்கும் செட்டுகளில் ஒன்று அப்படிக் கைமாறி வந்தது. பின்பலகையின் உள்பக்கம் போனவர் தன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அதை நான் துடைக்கவில்லை, துடைக்கவும் மாட்டேன். மஸ்கெலியா தங்கச்சி, உங்கள் பெட்டியிலும் உள்பக்கம் பாருங்கள்.

ஹட்டன்_வானொலி:
நல்ல பேச்சு, தனிப் பதிவாகவே போடலாம். இப்போது கேட்டவருக்குப் பதில் சொல்வோம். அவரைக் காணவில்லையே?

மஸ்கெலியா_மழை:
மன்னிக்கவும், சிக்னல் இல்லை. வால்வு நான்கு. டிகே96, டிஎஃப்96, டிஏஎஃப்96. நான்காவதில் டிஎல் மட்டும் தெரிகிறது. லேபிள் பாதி கிழிந்திருக்கிறது, கடைசி எழுத்து ‘பி’. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று ஸ்பீக்கர் பக்கத்தில் சின்னதாக இருக்கிறது. பிளக் போடவில்லை.

பண்டாரவளை_அக்கா:
அப்பாடா. அந்த வரிசையில் நான்காவது டிஎல்96 ஆகத்தான் இருக்கும். அந்தச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஸ்பீக்கருக்கானது, கரண்டுக்கு அல்ல.

இனி நிதானமாகச் செய்யுங்கள். எந்தக் குழியில் எந்த வால்வு என்று படம் எடுத்துக்கொண்டு நான்கையும் நேராக மேலே இழுத்துக் கழற்றுங்கள், ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டாம். வால்வின் அடியிலுள்ள 1ஆம் காலுக்கும் 7ஆம் காலுக்கும் (பெரிய இடைவெளியின் இரு பக்கமும் இருப்பவை) இடையே டிஜிட்டல் மீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். ஏதாவது ஓம் காட்டினால் இழை உயிரோடு இருக்கிறது. முள் ஆடும் பழைய மீட்டரின் குறைந்த ஓம் ரேஞ்சில் பார்க்க வேண்டாம், அந்த மீட்டரே இழையைச் சுட்டுவிடும்.

அப்புறம் வயர். வால்வுகள் வெளியே இருக்கும்போதே, சுவிட்ச் ஓன் நிலையில் பாருங்கள். சேசிஸுக்கு நேராகத் தொடர்பு இருப்பது 1.5 வோல்ட்டின் மைனஸ். வால்வுக் குழிகளின் இழைக் காலுக்குப் போவது அதன் பிளஸ். ஸ்பீக்கர் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போவது 90 வோல்ட்டின் பிளஸ். மிச்சமிருப்பது சில நூறு ஓம் வழியாகச் சேசிஸுக்குப் போனால் அது 90 வோல்ட்டின் மைனஸ். நான்கிலும் பேப்பர் ஒட்டி எழுதி வையுங்கள்.

வால்வு_வாத்தியார்:
கண்டன்சரை மாற்றாமல் இதெல்லாம் வீண் வேலை. முதலில் சர்க்யூட் படத்தைத் தேடச் சொல்லுங்கள். ரேடியோமியூசியம் தளத்தில் வால்வு இலக்கத்தைக் கொடுத்தாலே கால் அமைப்பு வரும், மாடல் தெரிந்தால் அந்தச் செட்டின் பக்கமும் வரும். 1976இல் தொடங்கிய பிரித்தானிய விண்டேஜ் வயர்லெஸ் சொசைட்டி எத்தனை வருடமாக இந்த வேலையை எழுதி வைத்திருக்கிறது. படிக்க வேண்டும்.

மின்வேலை_கொட்டகலை:
90 வோல்ட்டுக்கு எங்கே போவது? யூஎஸ்பியின் வோல்ட்டை ஏற்றித் தரும் சின்ன போர்டு இருக்கிறது, அதைப் போடலாமே.

ஹட்டன்_வானொலி:
போடலாம், ஆனால் அந்த போர்டின் இரைச்சல் மீடியம் வேவ் முழுக்கக் கேட்கும். வடிகட்டி, தகரப் பெட்டிக்குள் அடைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு 9 வோல்ட் பேட்டரி பத்தைத் தொடராகக் கோத்தால் போதும். இந்தச் செட் 10 மில்லி ஆம்பியர் அளவுதான் இழுக்கும், அல்கலைன் என்றால் 40 மணி நேரம் தாங்கும். இழைக்குப் பெரிய டோர்ச் பேட்டரி ஒன்று. விலை கொஞ்சம் கடிக்கும்தான்.

பண்டாரவளை_அக்கா:
முதல் தடவை 90 வோல்ட் பிளஸ் வயரில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள். வயர் மாறிப் போனாலும் 19 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது, இழை பிழைக்கும். சத்தம் மெல்லியதாகத்தான் வரும், பரவாயில்லை. 1.5ஐ முதலில் கொடுங்கள், 90ஐப் பிறகு. வால்வு வெளிச்சம் தரவில்லையே என்று பயப்பட வேண்டாம், இந்த வரிசை இருட்டில் கூடச் சரியாகத் தெரியாது.

டயலில் எண்கள் அலைநீளமாக, மீட்டர் கணக்கில் இருந்தால், இருட்டிய பிறகு 340 பக்கம் தேடுங்கள், அது புத்தளத்து 882 கிலோஹெர்ட்ஸின் இடம். 285 பக்கம் தூத்துக்குடி 1053. ஏதாவது பிடிக்கிறதா பாருங்கள். இரைச்சல் வராமல் எல்இடி பல்புகளை அணைத்துவிடுங்கள்.

பனிமூட்டம்:
காய வைத்தீர்களா என்று இன்னும் சொல்லவில்லை.

மஸ்கெலியா_மழை:
பாடியது! தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நான்கு இழையும் சரியாக இருந்தது. ரெசிஸ்டரோடு மெல்லத் தமிழ்க் குரல் வந்தது, எந்த நிலையம் என்று தெரியவில்லை. ரெசிஸ்டரை எடுத்ததும் சத்தம் கூடியது, ஆனால் குரல் கரகரவென்று உடைகிறது. அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி. போக வேண்டும்.

பண்டாரவளை_அக்கா:
ரொம்பச் சந்தோஷம், தங்கச்சி. ஆனால் ரெசிஸ்டரைத் திரும்பப் போடுங்கள், இப்போதே. அந்தக் கரகரப்பு பெரும்பாலும் டிஏஎஃப்96இலிருந்து டிஎல்96க்குப் போகும் கண்டன்சர் கசிவதுதான். கசிந்தால் டிஎல்96 தேவைக்கு மேல் இழுத்து வீணாகும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். இந்த ஒரு விஷயத்தில் வாத்தியார் ஐயா சொல்வது சரி.

வால்வு_வாத்தியார்:
ஒரு விஷயத்தில் மட்டுமா? சரி. 0.01 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் பாலியெஸ்டர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். பழையதை எறிய வேண்டாம், ஒரு பக்கக் காலை மட்டும் வெட்டி அப்படியே விட்டுப் புதியதை அடியில் வையுங்கள். சாலிடரிங் பழக்கம் இல்லையென்றால் சேசிஸின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், எது என்று வட்டம் போட்டுக் காட்டுகிறேன்.