மறுமொழி: தீட்டுக்கல்லின் ‘லோடிங்’, ‘கிளேசிங்’ இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். பட்டறைச் சொற்களுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் பட்டியலில், தீட்டுக்கல்லின் இரண்டு கோளாறுகளுக்கும் அதைச் சீர்செய்யும் வேலைக்கும் ஓர் ஐயா இப்படி முன்மொழிந்திருக்கிறார்:

> லோடிங் – சுமையேற்றம். கிளேசிங் – பளிங்காதல். டிரெஸ்ஸிங் – ஒப்பனை

இந்த மூன்றையும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். “கல்லுக்குச் சுமையேற்றம் ஆகிவிட்டது, ஒப்பனை செய்” என்று ஒரு ஃபிட்டரிடம் சொன்னால் அவர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். முன்மொழிந்த ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆங்கிலச் சொல்லை ஓரமாக வைத்துவிட்டுக் கல்லில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

தீட்டுக்கல் என்பது கூரான சிறு மணிகளைப் பிணைப்புப் பொருளால் இறுக்கிச் சுட்டெடுத்த கட்டி. மணி எஃகைச் சீவுகிறது. சீவிய தூள் மணிகளுக்கு நடுவே உள்ள புழைகளில் தங்கி எண்ணெயோடு வெளியே வருகிறது. ஆகவே கோளாறு இரண்டு இடங்களில் வரலாம். புழை தூளால் நிரம்பிவிட்டால் லோடிங். மணியின் முனையே தேய்ந்துவிட்டால் கிளேசிங். கைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: கருவி வழுக்கும், கரகரப்பு நின்றுபோகும். இரண்டையும் சேர்த்துக் ‘கல் மழுங்கிவிட்டது’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் வைத்தியம் வேறு வேறு. அடைத்துக்கொண்ட கல்லை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்தால் பிழைத்துக்கொள்ளும். மணி தேய்ந்த கல்லை வாரக்கணக்கில் ஊறவைத்தாலும் பயனில்லை. மேல்தோலையே எடுத்தாக வேண்டும். எனவே இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டுப் போவதை நான் ஏற்கமாட்டேன்.

லோடிங்குக்கு என் பரிந்துரை ‘துகளடைப்பு’. ‘கல் அடைத்துக்கொண்டது’ என்று சொன்னாலே பாதி விளங்கிவிடும். அலுமினியம், செம்பு போன்ற மெத்தென்ற உலோகங்களை எண்ணெய் விடாமல் தேய்த்தால் இது உடனே வரும். எண்ணெய் காய்ந்து பிசுக்கானாலும் வரும். நம்மவர்கள் கையில் கிடைத்த நல்லெண்ணெயைக் கல்லில் விட்டுவிடுகிறார்கள். நாள்பட அது கோந்துபோல இறுகிப் புழையை மூடிவிடும். மெல்லிய இயந்திர எண்ணெய், தேவைப்பட்டால் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து, போதும். வேலை முடிந்ததும் கருத்த எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மூடியுள்ள பெட்டியில் வைத்துவிட்டால் இந்தக் கோளாறு பெரும்பாலும் தலைகாட்டாது.

கிளேசிங்குக்கு ‘மணிமழுங்கல்’. ‘மெருகேறல்’ என்று இன்னொரு நண்பர் சொன்னது காதுக்கு இனிக்கிறது. ஆனால் மெருகு என்பது நாம் விரும்பி ஏற்றுவது, இது நோய். மணிமழுங்கலில் காரணமும் சேர்ந்தே தெரிகிறது. மிகக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு வெட்டுமுனையை அலுமினியம் ஆக்சைடு கல்லில் தேய்ப்பவர்களிடம் இதை நன்றாகப் பார்க்கலாம். கருவியில் பெரிதாக எதுவும் நடக்காது, கல்தான் பளபளக்கும். கார்பைடு முனைக்குப் பச்சை சிலிக்கான் கார்பைடோ வைரத் தகடோதான் சரி. சந்தேகமாக இருந்தால் கல்லைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத் திட்டுகளாக உலோகம் அப்பியிருந்தால் அடைப்பு. சுத்தமாக இருந்தும் முகம் மினுமினுத்து, கட்டைவிரல் நகத்தை இழுத்தால் பிடிக்காமல் வழுக்கினால் மழுங்கல்.

டிரெஸ்ஸிங்குக்கு நம்மிடம் சொல் தயாராகவே இருக்கிறது: அம்மி கொத்துகிறோமே, அதுதான். தேய்ந்து வழவழத்த முகத்தைப் பொளிந்து மறுபடி சொரசொரப்பாக்குவதற்குக் ‘கொத்துதல்’ என்றே பெயர். சாணைச் சக்கரத்துக்கு இது அச்சாகப் பொருந்தும். பல் வைத்த உருளையை அழுத்திப் பிடிக்கும்போது அது முகத்தைக் கொத்தத்தான் செய்கிறது. தட்டைக் கல்லை யாரும் உளியால் கொத்துவதில்லை. தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் சிலிக்கான் கார்பைடு தூளைத் தூவி, கொஞ்சம் நீர் விட்டு (எண்ணெய் குடித்த கல் என்றால் மண்ணெண்ணெய்), கல்லை எட்டு போட்டுத் தேய்ப்பார்கள். மழுங்கிய மணிகள் உதிர்ந்து புதியவை மேலே வரும், நடுவில் விழுந்த குழியும் சமனாகும். இதற்கு ‘முகம் புதுக்குதல்’ என்று வைக்கலாம். இரண்டுக்கும் ‘கொத்துதல்’ ஒன்றே போதும் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். ஒப்பனை மட்டும் வேண்டாம்.

> எல்லா எண்ணெய்க்கல்லுக்கும் ‘குருந்தக்கல்’ என்று வைக்கலாமே? கொரண்டம் தமிழ்ச்சொல்தானே?

தமிழ்ச்சொல்தான். கடினமான கனிமமான நம் குருந்தம்தான் ஆங்கிலத்தில் கொரண்டம் ஆனது. பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சசன் செயற்கை வைரம் செய்யப் போய், களிமண்ணையும் கற்கரியையும் மின்சாரத்தால் காய்ச்சியபோது கிடைத்த படிகங்களைக் கார்பனும் குருந்தமும் சேர்ந்தவை என்று எண்ணிக் ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். அது உண்மையில் சிலிக்கான் கார்பைடு. அதில் குருந்தம் இல்லை. கடையில் ‘கார்போரண்டம் கல்’ என்று கேட்டு வாங்கும் கருஞ்சாம்பல் கல்லுக்குக் குருந்தக்கல் என்று பெயர் வைத்தால் அந்தப் பிழையை நாமும் சுமப்போம். குருந்தக்கல்லை அலுமினியம் ஆக்சைடு கல்லுக்கு மட்டும் ஒதுக்குவோம். குருந்தமும் அலுமினியம் ஆக்சைடும் ஒரே பொருள்தான்.

சக்கரத்தின் ‘கிரேடு’ பற்றியும் ஒரு வார்த்தை. ‘கடினத்தன்மை’ என்று பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். A முதல் Z வரை எழுத்தால் குறிப்பது மணியின் கடினத்தை அன்று. பிணைப்பு மணியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதை. எனவே ‘பிடிமானம்’. கடினமான எஃகுக்குப் பிடிமானம் குறைந்த சக்கரம் வேண்டும் என்ற விதி இப்போது தானே விளங்கும்: மழுங்கிய மணியை அது விட்டுவிடும், புதுமணி வேலைக்கு வரும். ‘கடினப் பொருளுக்குக் கடினமற்ற சக்கரம்’ என்று எழுதினால் மாணவன் தலையைச் சொறிவான்.

கடைசியாக, சாணை பிடித்தலையும் தீட்டுதலையும் பட்டியலில் ஒன்றாக்கிவிட வேண்டாம். சுழலும் சக்கரத்தில் சாணை. அசையாத கல்லில் தீட்டல். லேத்தில் (கடைசல் பொறியில்) போடும் அதிவேக எஃகு டூல் பிட்டை, அதாவது வெட்டும் கருவியை, எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்திலிருந்து வரும்போது அதன் முகம் சற்றே உட்குழிந்து, கோடு கோடாக, ஓரத்தில் பிசிறோடு இருக்கும். சிறு கல்லை முகத்தில் படியவைத்துத் தீட்டினால் விளிம்பிலும் அடியிலும் மட்டும் இரண்டு மெல்லிய பளபளப்பான கோடுகள் தோன்றும். விளிம்புக் கோடு முழு நீளத்துக்கும் ஓடி, பிசிறும் போய்விட்டால் தீட்டல் முடிந்தது. சாணை உருவத்தைத் தருகிறது, தீட்டல் கூரைத் தருகிறது. ‘தீட்டிய மரத்திலேயே கூர் பார்ப்பது’ என்ற பழமொழியிலும் தீட்டல்தான் இருக்கிறது, சாணை இல்லை.

நீர்க்கல்லில் தேய்க்கும்போது மேலே திரளும் சேறு போன்ற கலவைக்கு இன்னும் யாரும் சொல் தரவில்லை. ‘கல்பால்’ என்று எழுத நினைத்தேன். சுண்ணாம்புப்பாலோடு குழம்புமோ என்று தயங்குகிறேன். பட்டறையில் இருப்பவர்கள் யாராவது, அங்கே வழக்கில் ஒரு சொல் இருந்தால், எழுதுங்கள்.