காசநோய் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள்: அம்மாவுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

கன்னங்குறிச்சி மகள் எழுதியது:

என் அம்மாவுக்கு வயது 58. சேர்வராயன் மலையில், நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் முப்பது ஆண்டுகள் காப்பிப் பழம் பறித்தவர். சென்ற மழைக்காலத்தில் பிடித்த இருமல் விடவே இல்லை. மாலையானால் காய்ச்சல், இரவில் வியர்வை, நாளுக்கு நாள் மெலிவு என்று ஆனபின், மலையிலிருந்து என் வீட்டுக்கு அழைத்து வந்து சளிப் பரிசோதனை செய்தபோது நுரையீரல் காசநோய் என்று தெரிந்தது. அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் மாத்திரைகளை உட்கொண்டு வருகிறார். இது பத்தாவது வாரம். இருமல் ஏறக்குறைய நின்றுவிட்டது, நன்றாகப் பசிக்கிறது, நான்கு கிலோ எடை கூடியிருக்கிறது.

அம்மா போகும் ஜெபக்கூட்டத்தில் இதைக் கண்டு எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால், ஆண்டவர் தொட்டுச் சுகமாக்கிய பிறகும் மாத்திரை போடுவது அவிசுவாசம் என்றும், அதை நிறுத்திவிட்டு வரும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்பும் எழுந்து, ஆண்டவர் சுகமாக்கினார் என்று சாட்சி சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். மருத்துவர் சொன்னபடி முதல் மாதம் முழுவதும் அம்மா கூட்டத்துக்குப் போகாமல் இருந்ததையே விசுவாசக் குறைவு என்று பேசியவர்கள் அவர்கள். ஏதோ பழைய பாவத்தின் பலன்தான் இந்த நோய் என்று ஒருவர் சொன்ன சொல் அம்மாவின் மனத்தை இன்னும் அறுத்துக்கொண்டிருக்கிறது. சிறுநீர் செந்நிறமாகப் போவதைப் பார்த்து, மருந்துதான் உடம்பைக் கெடுக்கிறது என்ற பயமும் அவருக்கு இருக்கிறது.

நானும் விசுவாசிதான். அம்மாவுக்காக இரவெல்லாம் முழங்காலில் நின்றிருக்கிறேன். ஆகையால் ஜெபத்தை இகழும் பதில்கள் வேண்டாம். நோய்க் காலத்தில் சபை எப்படி நடந்துகொண்டது, வேதம் என்ன சொல்கிறது என்று, அம்மா மனமுவந்து ஏற்கும்படி எடுத்துச் சொல்ல உதவுங்கள். வீட்டில் நான்கு வயது மகனும் இருக்கிறான்.

மலைப்பாதைச் செவிலி எழுதியது:

சகோதரி, நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த மாவட்டத்தில் செவிலியாகப் பணி செய்கிறேன். அதில் சில ஆண்டுகள் ஏற்காட்டு மலைக் கிராமங்களில் காசநோயாளிகளின் வீடு வீடாக நடந்தவள். முதலில் உங்கள் மகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நாள் கடத்தக் கூடாது. சளியில் கிருமி உள்ள ஒருவரோடு ஒரே வீட்டில் வாழும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, இந்தக் கிருமி தொற்றினால் மூளையுறை வரை பரவும் அபாயம் பெரியவர்களைவிட அதிகம். அவனை அழைத்துச் சென்று பரிசோதியுங்கள். நோய் இல்லையென்று உறுதியானால் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். பிறந்தபோது பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று என்று இருந்துவிட வேண்டாம்.

அம்மாவின் செந்நிறச் சிறுநீர் இரத்தம் அல்ல. ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம் அது. கண்ணீரும் வியர்வையும்கூடச் சிலருக்கு அப்படி ஆகும். நான் நோயாளிகளிடம், மருந்து உடம்புக்குள் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் என்று சொல்லியே பயத்தைத் தீர்த்திருக்கிறேன். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.

இனி, ஏன் ஆறு மாதம்? முதல் இரண்டு மாதங்கள் தரும் நான்கு மருந்துகளில், வேகமாகப் பெருகும் கிருமிகளில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. அதனால்தான் இருமல் நிற்கிறது, சோறு இறங்குகிறது. ஆனால் பெருகாமல் உறங்கிக் கிடக்கும் கொஞ்சம் கிருமிகள் மிஞ்சுகின்றன. அவற்றுக்காகவே மேலும் நான்கு மாதங்கள் மூன்று மருந்துகளைத் தொடர்கிறோம். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்தை விட்டும் பிடித்தும் சாப்பிட்டால், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகவே திரும்பக்கூடும். அந்தக் கிருமிதான் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவருக்கும் போகும். இரண்டாம் மாதத்தில் சுகமாகிவிட்டேன் என்று நிறுத்திய ஒருவரை ஒன்பது மாதம் கழித்து நான் மீண்டும் பார்த்தேன். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அம்மா கூட்டத்துக்குப் போகலாமா என்றால், மருந்துக்குக் கட்டுப்படும் நோயில் சில வாரச் சிகிச்சையிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டாம் மாத முடிவில் செய்யும் சளிப் பரிசோதனையின் முடிவைக் கேட்டுக்கொண்டு தாராளமாகப் போகட்டும். சன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு, நல்ல மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம், ஆரோக்கிய நிலையத்தில் படுத்துக் கிடக்கத் தேவையில்லை என்று உலகத்துக்கே காட்டியது. சத்துணவுக்காக அரசு தரும் மாதம் 1000 ரூபாய் அம்மாவின் கணக்கில் வருகிறதா என்றும் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆயர் எழுதியது:

அன்பு மகளே, நோயின் காரணம் பாவம் என்று சொன்னவருக்குக் கர்த்தரே பதில் சொல்லியிருக்கிறார். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை அம்மாவுக்கு மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். அந்த முள்ளை முதலில் எடுத்தால்தான் மற்றவை காதில் விழும்.

எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவான வியாதியில் அழுது ஜெபித்தார். ஜெபம் கேட்கப்பட்டது, பதினைந்து வருடம் கூட்டித் தரப்பட்டது. அப்படி வாக்குக் கிடைத்த பிறகும், அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசிதான். ஜெபம் கேட்கப்பட்டுவிட்டதே, பற்று எதற்கு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பவுலோடு பிரயாணம் செய்த லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று வேதம் அழைக்கிறது.

கொள்ளைநோய்க்குப் பயப்படாதிருப்பாய் என்ற 91ஆம் சங்கீதத்தை உங்கள் கூட்டத்தார் கட்டாயம் சொல்வார்கள். அது உண்மையான வாக்குத்தத்தம். நானும் எத்தனையோ படுக்கையருகே அதை வாசித்திருக்கிறேன். ஆனால் அதே சங்கீதத்தைச் சொல்லித்தான், தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதி என்று பிசாசு இயேசுவை ஏவினான். கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்பதே அவர் தந்த மறுமொழி. வாக்குத்தத்தத்தைப் பற்றிக்கொள்வது ஒன்று, அதைச் சொல்லிக்கொண்டு குதிப்பது வேறு.

வரலாற்றையும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசைக் கொள்ளைநோய் உலுக்கியபோது, கார்த்தேஜ் நகரத்துப் பேராயர் சிப்ரியான், தங்களைத் துன்பப்படுத்திய புறமதத்தாருக்கும் சேர்த்துப் பணிவிடை செய்யும்படி சபையாரை ஏவினார். 1527இல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவி, பல்கலைக்கழகமே யேனா நகருக்கு மாறிப் போனபோதும், சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் போகவில்லை; அவர் வீடே நோயாளிகள் தங்கும் இடமாயிற்று. அந்த ஆண்டில் பிரெஸ்லாவ் நகரத்துப் போதகர் ஒருவருக்கு எழுதிய மடலில், நோயாளியை விட்டு ஓடும் ஊழியரைக் கண்டித்த அதே லூத்தர், மருந்தை அலட்சியம் செய்து, துணிச்சல் என்ற பெயரில் நோயை அடுத்தவருக்குக் கொடுப்பவரையும் கடுமையாகக் கண்டித்தார். மருந்து சாப்பிடு, வீட்டைப் புகை போட்டுச் சுத்தம் செய், நீ தேவைப்படாத இடத்துக்குப் போகாதே, அயலானுக்கு நீ தேவையென்றால் மட்டும் தயங்காமல் போ என்பதே அவர் காட்டிய வழி. விசுவாசத்தில் குறைந்தவர் என்று லூத்தரை யாரும் சொல்ல முடியாது.

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், தென்னிந்திய மிஷன்கள் பல ஒன்றுசேர்ந்து மதனப்பள்ளி அருகே காசநோயாளிகளுக்கென்று ஒரு மருத்துவ நிலையத்தை எழுப்பி, அந்த இடத்துக்கு ஆரோக்கியவரம் என்று பெயரிட்டன. அன்றைக்கு அவர்கள் நோயாளிக்குக் கொடுக்க முடிந்தது நல்ல காற்றும், பாலும், முட்டையும், ஓய்வும், ஜெபமும்தான். உங்கள் அம்மா கையில் வைத்திருக்கும் இந்த மாத்திரைக்காக ஏங்கி ஜெபித்தவர்கள் அவர்கள். அதைக் குப்பையில் போடுவதை என்னால் எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை.

சபை மூப்பன் ஒருவன் எழுதியது:

நான் சூரமங்கலம் பகுதியில் ஒரு ஜெபச் சபையில் மூப்பனாக இருக்கிறேன். தெய்வீக சுகத்தை முழு மனத்தோடு நம்புகிறவன். மருத்துவர் கைவிட்ட பின் எழுந்து நடந்தவர்களுக்காக நாங்கள் நன்றிப் பாட்டுப் பாடியிருக்கிறோம். அதை நான் மறுதலிக்க மாட்டேன். ஆனால் உங்கள் அம்மாவிடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னது தவறு என்று எங்கள் பக்கத்திலிருந்தே ஒருவன் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்கிறது யாக்கோபு நிருபம். வைத்தியனை அனுப்பிவிடு என்று அதில் இல்லை. மூப்பருக்கு அங்கே கொடுக்கப்பட்டிருப்பது ஜெபிக்கும் பொறுப்பு. மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை.

சாட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு குஷ்டரோகியைத் தொட்டு அந்தக் கணமே சுத்தமாக்கினார். சந்தேகத்துக்கு இடமில்லாத சுகம் அது. அப்படியிருந்தும், ஒருவருக்கும் சொல்லாதே, முதலில் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி, அதுவே அவர்களுக்குச் சாட்சி என்று கண்டிப்பாகச் சொன்னார். லேவியராகமத்தின்படி அன்றைக்கு நோயைச் சோதித்து, ஏழு நாள் அடைத்து வைத்து, மறுபடியும் சோதித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலை ஆசாரியனுடையது. இன்றைக்கு அந்த வேலையைச் சளிப் பரிசோதனைக் கூடம் செய்கிறது. ஆறு மாதம் முடிந்து, பரிசோதனையில் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு உங்கள் அம்மா எழுந்து நிற்கட்டும். அந்தச் சாட்சியை யாரும் அசைக்க முடியாது.

ஏற்காடு வாசி எழுதியது:

நாங்கள் கத்தோலிக்கர், ஆயினும் இது எல்லோருக்கும் பொதுவான காரியம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் மாதம் கூட்டத்துக்குப் போகாததை எண்ணி அம்மா வருந்த வேண்டாம். 1576இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் பிடித்தபோது, பேராயர் சார்லஸ் பொரோமியோ தெரு முனைகளில் பீடம் அமைக்கச் செய்தார். மக்கள் வீட்டை விட்டு இறங்காமல் சன்னலில் நின்றே திருப்பலியில் பங்கு கொண்டார்கள். கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரல் 5 குருத்து ஞாயிறன்று மலையில் எங்கள் கோயிலும் பூட்டிக் கிடந்தது. என் பாட்டி வாசற்படியில் நாற்காலி போட்டு, கோயில் இருக்கும் திசையைப் பார்த்தபடி செபமாலை சொன்னார். விலகி இருந்ததும் பிறர்மேல் கொண்ட அன்பினால்தான்.

குருவானவர் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலை முன்பெல்லாம் அவஸ்தைப்பூசுதல் என்பார்கள். குருவானவர் எண்ணெயோடு வந்தால் சாவு நெருங்கிவிட்டது என்று வீடே நடுங்கும். எங்கள் திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் அது கடும் நோயுற்ற எவருக்கும் உரிய அருளடையாளம் என்று தெளிவாயிற்று. என் தந்தை அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் அதைப் பெற்றுக்கொண்டு, மறுநாள் அமைதியாக மருத்துவமனைக் கட்டிலில் ஏறினார்.

கன்னங்குறிச்சி மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி சொல்ல வார்த்தை இல்லை. நேற்றிரவு யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை வாசித்தேன். அம்மா வெகுநேரம் அழுதார். பிறகு மூப்பர் ஐயா சொன்ன மாற்கு முதல் அதிகாரத்தை எடுத்தேன். 44ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டேன். அம்மா வேதாகமத்தை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த வசனத்தைத் தாமே வாசித்தார். அந்த மனிதன் சொல்பேச்சுக் கேளாமல் போய் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான், அதனால் இயேசு வெளியரங்கமாய்ப் பட்டணத்துக்குள் வர முடியாமல் போயிற்று என்று அங்கே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, "அவன் அவசரப்பட்டதால் ஆண்டவர் அல்லவா ஊருக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று" என்றார். காலையில் நான் கேட்பதற்கு முன்பே மாத்திரையை விழுங்கிவிட்டிருந்தார்.

புதன்கிழமை மகனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். அம்மாவின் இரண்டாம் மாதச் சளிப் பரிசோதனை முடிவையும் அன்றே கேட்டு வாங்குவேன். மூப்பர் ஐயா, எங்கள் கூட்டத்துப் பெரியவரோடு ஒருமுறை நேரில் பேச உங்களுக்கு இசைவு உண்டா? நான் சொன்னால் கேட்க மாட்டார்; அதே விசுவாசத்தில் நிற்கும் நீங்கள் சொன்னால் கேட்பார் என்று தோன்றுகிறது. அந்தக் கூட்டத்தில் மாத்திரை சாப்பிடும் இன்னொரு பெண்ணும் இருக்கிறார்.