மாதம் 2,000 லிட்டர் ஆர்டரை ஏற்கலாமா? மரச்செக்கு எண்ணெய்த் தொழிலில் ஒரு தயக்கம்

வாகைச்செக்கு (சிவகிரி, ஈரோடு மாவட்டம்):

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு ஆறு ஆண்டுகளாக மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்று வருகிறோம். இரண்டு செக்குகள் இருக்கின்றன. ஒரு தடவைக்கு 15 கிலோ நிலக்கடலைப் பருப்பு போட்டால் ஏறத்தாழ ஆறு லிட்டர் எண்ணெய் இறங்கும். நாள் முழுவதும் ஓட்டினால் ஒரு செக்கில் எட்டு தடவை ஆட்டலாம். இப்போது கடலை, நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் சேர்த்து மாதம் 1,600 லிட்டர் விற்கிறது. வீட்டுக்கு வாங்குகிறவர்கள்தான் பெரும்பாலோர்.

பல கிளைகள் உள்ள பல்பொருள் அங்காடி ஒன்று மாதம் 2,000 லிட்டர் கடலை எண்ணெய் கேட்கிறது. லிட்டருக்கு வரி நீங்கலாக 275 ரூபாய், ஓராண்டுக்கு அதே விலை, 60 நாள் கடன். ஏற்பதென்றால் மேலும் இரண்டு செக்கும் ஒரு கொட்டகையும் வேண்டும். அதற்கு வங்கியில் 15 லட்சம் கிடைக்கும் என்கிறார்கள். கையில் ஆறு லட்சம் சேமிப்பு உள்ளது. இப்படியொரு வாய்ப்பு மறுபடி வராது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எனக்கு ஏனோ துணிவு வரவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பேரேடு (ஈரோடு):

வணக்கம். சிறுதொழில்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. ஆகவே கணக்காகவே சொல்கிறேன். 2,000 லிட்டருக்கு 5,000 கிலோ பருப்பு வேண்டும். கிலோ 115 ரூபாய் என்று வைத்தால் 5,75,000 ரூபாய். பாட்டில், கூலி, மின்சாரம், வண்டி வாடகைக்கு லிட்டருக்கு 25 ரூபாய் சேர்த்தால் 6,25,000 ஆகிறது. பிண்ணாக்கு 3,000 கிலோ கிடைத்து, கிலோ 40 ரூபாய்க்குப் போனால் 1,20,000 திரும்பி வரும். ஆக நிகரச் செலவு 5,05,000. உங்களுக்கு வரவேண்டியது 5,50,000. மாதம் 45,000 ரூபாய் மிச்சம் என்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் 15 லட்சத்துக்கு 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 32,600 ரூபாய் கட்டியாக வேண்டும். மிச்சம் 12,400 ரூபாய்தான். பருப்பு விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் மாதம் 50,000 கூடுதல் செலவு. அன்றைக்கே அந்த ஆர்டர் முழுவதும் நட்டத்தில் ஓடத் தொடங்கிவிடும். கடலை விலை ஓராண்டு முழுக்க ஒரே இடத்தில் நிற்காது என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல், பணம் எத்தனை நாள் வெளியே நிற்கிறது என்பது. கடலைக்காயாக ஏலத்தில் எடுத்து உடைத்தாலும், பருப்பாக மில்லில் வாங்கினாலும் நீங்கள் கொடுப்பது ரொக்கம். வாங்கி, ஆட்டி, தெளியவைத்து, அனுப்பப் பதினைந்து நாள். அதன்பின் 60 நாள். முதல் காசோலை வருவதற்குள் இரண்டரை மாதச் செலவு, அதாவது ஏறத்தாழ 12 லட்சத்து 60 ஆயிரம், முடங்கிவிடும். வங்கிக் கடன் செக்குக்கும் கொட்டகைக்கும் போய்விட, கையிருப்பு ஆறு லட்சம் தீர்ந்தபின் மீதியை எங்கே புரட்டுவீர்கள்? விற்பனை நன்றாக நடக்கும்போதே தொழில் மூடப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவை பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் சிக்கின.

உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு) இல்லையென்றால் உடனே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்குபவர் 45 நாளுக்கு மேற்பட்ட தவணையை ஒப்பந்தத்தில் எழுதவே முடியாது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த விதி ஒன்று 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், கெடு தாண்டியும் ஆண்டு முடிவில் கொடுக்காமல் நிற்கும் தொகையை அந்த ஆண்டுச் செலவாக வாங்குபவர் காட்ட முடியாது, கொடுத்த ஆண்டில்தான் காட்ட முடியும் என்பதால், பெரிய கடைக்காரர்களும் இதைக் காதில் வாங்குகிறார்கள். சட்டத்தைக் காட்டி மிரட்ட வேண்டாம். பேச்சைத் தொடங்கும்போதே 30 நாள் என்று கேளுங்கள்.

பொடிக்கடை அக்கா (திண்டுக்கல்):

தம்பி, நான் இட்லிப்பொடி, பருப்புப்பொடி செய்து விற்பவள். நான்கு ஆண்டுகளுக்கு முன் உங்களுக்கு வந்ததைப்போலவே எனக்கும் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. அதுவரை இரும்பு வாணலியில் ஐந்து ஐந்து கிலோவாக உளுந்து வறுத்துக்கொண்டிருந்த நான், 50 கிலோ கொள்ளும் உருளை வறுப்பான் வாங்கினேன். வாணலியில் உளுந்து சிவந்ததும் முறத்தில் கொட்டிவிடலாம். உருளையிலோ அடுப்பை அணைத்த பிறகும் உள்சூடு வறுத்துக்கொண்டே இருக்கும். மேலே பொன்னிறமாகத் தெரிந்த உளுந்து அடியில் கறுத்துப்போயிருந்தது. அரைத்த பிறகுதான் தெரிந்தது. எவ்வளவு முன்னதாக அணைக்க வேண்டும் என்று கை பழக மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரப் பொடியைப் புதுக் கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் அடுக்கி விற்றார். ஆனால் முதல் நாளிலிருந்து என்னிடம் வாங்கிய வீடுகளில் பல, ஒரு வார்த்தையும் சொல்லாமல் நின்றுவிட்டன.

அதனால் கேட்கிறேன்: எண்ணெயை எங்கே தெளியவைப்பீர்கள்? செக்கைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், வெயிலை வாங்க முடியாது. எண்ணெயின் கசடு அடியில் தங்க மூன்று நாள் வெயில் வேண்டும் என்றால், மாதம் 25 நாள் ஆட்டி எடுக்கும் 3,600 லிட்டருக்கு எந்நேரமும் 400 லிட்டருக்கு மேல் மாடியில் நிற்கும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் வெயில் காணவில்லையென்றால் அது 1,000 லிட்டரைத் தாண்டும்.

பின்னல்வேலை (திருப்பூர்):

மேலே உள்ள இரண்டு பதில்களும் சரியானவை, ஆனால் பயம் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது. நண்பர் கொடுத்த கணக்கைப் பாருங்கள்: இரண்டு செக்கும் மாதம் 25 நாள் முழுதாக ஓடினால் 2,400 லிட்டர் வரும், விற்பது 1,600. கடனே வாங்காமல் 800 லிட்டர் ஆட்ட இடமிருக்கிறது. அந்த அளவுக்கு நான்கைந்து கிளைகளுக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். 2,000 அல்லது ஒன்றுமில்லை என்று அவர்கள் நின்றால், நாளைக்கு விலையிலும் அப்படித்தான் நிற்பார்கள்.

வாகைச்செக்கு:

பதில் சொன்ன மூவருக்கும் நன்றி. பேரேடு ஐயா போட்ட கணக்கை மனைவியிடம் காட்டினேன், தவணையைக் கழித்த பிறகு நிற்கும் 12,400 ரூபாயைப் பார்த்துவிட்டு, "இதற்குத்தானா இரண்டு செக்கு?" என்று கேட்டாள். உத்யம் பதிவு எங்களிடம் இருக்கிறது. ஆனால் விற்பனை பில்லில் அந்தப் பதிவு எண்ணை இதுவரை போட்டதே இல்லை. இனிப் போடுகிறோம்.

நேற்று அங்காடியின் கொள்முதல் அலுவலரைச் சந்தித்து நான்கு கிளைகளுக்கு 700 லிட்டர், 30 நாள் தவணை, மாதந்தோறும் பருப்பு விலையைப் பார்த்து விலை மாற்றம் என்று கேட்டேன். அளவுக்கும் தவணைக்கும் ஒத்துக்கொண்டார். விலை மாற்றத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் செய்ய முடியும் என்கிறார். அது இன்னும் முடிவாகவில்லை, முடிவாகும்வரை ஒரு பாட்டிலும் அனுப்பப் போவதில்லை. அக்கா சொன்னபின் மாடியில் போய் எண்ணிப் பார்த்தேன். ஐம்பது லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் ஆறுதான் இருக்கிறது. அதில் ஒன்று ஒழுகுகிறது.