மறு: ‘குடும்பநீக்கம்’ வேண்டாமே

> டிஃபெமிலியலைசேஷன் (defamilialization) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘குடும்பநீக்கம்’ போதுமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

வணக்கம்.

சுருக்கம்தான், சரி. ஆனால் பணிநீக்கம், பதவிநீக்கம் என்று பழகிய காதுக்கு, யாரையோ குடும்பத்தை விட்டுத் துரத்துவதுபோல் கேட்கிறது. சமூகநலக் கொள்கைகளை ஆராய்ந்த டென்மார்க் சமூகவியலாளர் கோஸ்டா எஸ்பிங் ஆண்டர்சன் 1999இல் இந்தச் சொல்லைக் கையாண்டபோது குடும்பத்தை ஒழிப்பதைப் பேசவில்லை. ஒருவர் பிழைப்புக்கும் பராமரிப்புக்கும் உறவினர் கையை எதிர்பார்த்து நிற்பதை அரசின் கொள்கை எவ்வளவு குறைக்கிறது என்றுதான் பார்த்தார்.

இன்னொரு நண்பர் சொன்ன ‘சுமையிறக்கம்’ அழகான சொல். குடும்பத்தின் பராமரிப்புச் சுமையை இறக்கிவைக்கும் குழந்தைக் காப்பகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் அதில் அடங்கும். ஆனால் பிரிட்டிஷ் சமூகக் கொள்கை அறிஞர் ரூத் லிஸ்டர், எஸ்பிங் ஆண்டர்சனுக்கு முன்பே வேறொன்றைக் கேட்டிருந்தார்: குடும்ப உறவை நம்பியிராமல் ஒருவர் கௌரவமாக வாழ முடிகிறதா? அது சுமைக் கணக்கில் வராது, காசுக் கணக்கு.

வரியையே பாருங்கள். கணவன், மனைவி வருமானத்தைக் கூட்டிப் படிப்படியாக ஏறும் வரி போட்டால், புதிதாக வேலைக்குப் போகும் மனைவியின் முதல் சம்பளமே கணவர் நிற்கும் மேல்படியின் விகிதத்தில் வெட்டுப்படும். “போய் வந்து என்ன மிஞ்சுகிறது?” என்ற பேச்சு அப்புறம் தானாக வரும். ஸ்வீடன் 1971இல் சம்பளத்துக்குத் தனித்தனி வரி என்று மாற்றியது. ஜெர்மனியிலோ, 1958 முதல் இருவர் வருமானத்தையும் கூட்டி, பாதியாக்கி, அந்தப் பாதிக்கான வரியை இரட்டிக்கிறார்கள். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டுக்குத்தான் இதில் அதிக லாபம். வீட்டுக்குள் எந்த அதிகாரியும் நுழையவில்லை. ஆனாலும் வேலையை யார் விடுவது என்ற முடிவில் அரசுக்கு ஒரு கை இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை ‘குடும்பச்சார்புத் தளர்வு’. ‘சார்பு’ என்றால் பக்கம் சாய்வது என்றும் பொருள் வருமே என்பீர்கள். வரட்டும். ஆட்கள் குடும்பத்தை நம்பியிருப்பதும், அரசு தன் பொறுப்பைக் குடும்பத்தின் மேல் சாய்ப்பதும் இங்கே சேர்ந்தேதான் நடக்கின்றன. ‘தளர்வு’ அளவைக் காட்டும் சொல். கட்டு தளர்கிறது, அறுந்துவிடவில்லை.

எனக்கு இன்னும் பிடிபடாதது இதன் எதிர்ச்சொல். காப்பகத்தை மூடிவிட்டு, ‘பாட்டி பார்த்துக்கொள்வார்’ என்று விடுவதை ‘இறுக்கம்’ என்பதா, ‘மீள்சார்பு’ என்பதா?